கிலோ ரேட்டா, இலவசமா, மாதக் கட்டணமா, ஒப்பந்தமா? மறுசுழற்சி சூப்பர்வைசருக்கு எது சரிப்படும்

“அட்டைக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடத் தர்றேன்னு இன்னொருத்தன் நம்ம கஸ்டமரை இழுக்கிறான். முதலாளி ரேட்டை ஏத்த மாட்டேங்கிறார். மாசக் கடைசியில் புதுக் கஸ்டமர் எத்தனைன்னு மட்டும் கேட்கிறார்.” மறுசுழற்சி நிறுவனங்களில் ரெண்டு மூணு வண்டியையும் லோடு ஏற்றும் ஆட்களையும் வைத்துக்கொண்டு ஒரு ஏரியாவை ஓட்டும் சூப்பர்வைசர்களோடு பேசினால் பேச்சு எப்படியும் இங்கேதான் வந்து நிற்கிறது. கஸ்டமரிடம் போய் எதைச் சொல்வது? கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன் என்றா, காசு பேச்சே வேண்டாம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றா, மாதம் இவ்வளவு கொடுங்கள் என்றா, இல்லை வருடத்துக்கு எழுதிப் போட்டுக்கொள்வோம் என்றா?

நாலும் சந்தையில் ஓடிக்கொண்டிருப்பவைதான். நான் இங்கே எடுத்துக்கொள்வது உலர்கழிவை மட்டும்: அட்டை, பேப்பர், பெட் பாட்டில், பால் கவர், தகரம், பழைய கம்ப்யூட்டர் இந்த மாதிரி. ஈரக்கழிவு வேறு கதை. சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன், கோவையிலும் திருப்பூரிலும் பெரிதாக மாறாது.

## எதை வைத்துப் பார்ப்பது

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் வருவது ரேட்டைப் பார்த்து என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் போவது பெரும்பாலும் வண்டி வராத நாளில். மாடிப்படிக்குக் கீழே அட்டை குவிந்து, எலி வந்து, யாராவது ஒருவர் அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் போட்டோ போட்டுவிட்டால், அதுவரை நீங்கள் கொடுத்த ரேட்டை ஒருத்தரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் எந்த வழியை எடுத்தாலும், அதில் கொடுக்கும் வாக்கை உங்கள் வண்டியும் ஆட்களும் காப்பாற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது, விலை விழும்போது என்ன ஆகும்? அட்டை விலை நம் ஏரியாவில் தீர்மானமாவதில்லை. உடுமலைப்பேட்டை, மேட்டுப்பாளையம் பக்கத்து மில்களும், சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் வந்து இறங்கும் வெளிநாட்டு வேஸ்ட் பேப்பரும் சேர்ந்து தீர்மானிக்கிற விலை அது. சீனா 2018-ல் கலப்புக் காகித இறக்குமதியை நிறுத்தியதும், 2021 தொடக்கத்தில் கழிவு இறக்குமதி மொத்தத்துக்கும் கதவைச் சாத்தியதும் இங்கே மூலைக்கடை வரை தெரிந்தது. அதே 2021-ல்தான் வேஸ்ட் பேப்பர் கிடைக்காமல், அட்டைப்பெட்டி செய்யும் பழுப்புத் தாளான கிராஃப்ட் பேப்பர் விலை ஏறி, பெட்டி செய்பவர்கள் புலம்பினார்கள். ஏறும்போது எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும்.

மூன்றாவது, வண்டிக் கணக்கு. நான்காவது, பேப்பர் வேலை: பில், எடைச்சீட்டு, சான்றிதழ். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: கொடுத்த வாக்கில் எவ்வளவு உங்கள் கையில் இருக்கிறது, எவ்வளவு முதலாளி கையில்? சூப்பர்வைசரால் ரேட்டை ஏற்ற முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி போய் நிற்குமா என்பது முழுக்க அவர் கையில்தான்.

| | கிலோ ரேட் | எல்லாம் எடுப்பது, காசில்லாமல் | மாதக் கட்டணம் | எழுத்து ஒப்பந்தம் |
|---|---|---|---|---|
| முதல் சந்திப்பில் எடுபடுமா | உடனே | விளக்கிச் சொன்னால் | கஷ்டம் | மாதக்கணக்கில் இழுக்கும் |
| விலை விழுந்தால் | கஸ்டமர் முணுமுணுப்பார் | உங்களுக்கு நஷ்டம் | பெரிதாக ஆடாது | எழுதியதைப் பொறுத்தது |
| வண்டிச் செலவு | சரக்கிலிருந்து வரவேண்டும் | சரக்கிலிருந்து வரவேண்டும் | கட்டணத்தில் ஒரு பகுதி வரும் | பெரிய லோடு என்பதால் குறையும் |
| பேப்பர் வேலை | எடைச்சீட்டு போதும் | மாதம் ஒரு கணக்கு | ரசீது, கணக்கு | பில், சலான், சான்றிதழ் எல்லாம் |
| வாக்கு யார் கையில் | முதலாளி | சூப்பர்வைசர் | சூப்பர்வைசர் | ரெண்டு பேரும் |
| யாருக்குப் பொருந்தும் | கடைகள், குடோன்கள் | நடுத்தர அடுக்குமாடிகள் | பெரிய குடியிருப்பு, பள்ளி, ஓட்டல் | தொழிற்சாலை, ஐடி அலுவலகம் |

## கிலோவுக்கு ரேட்

கடைக்காரர்களிடம் வேறு பேச்சு எடுபடாது. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அட்டையும் ஒரு வரவு. சில கடைகளில் அந்தக் காசு பையன்களின் டீச்செலவுக்கு என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே போய்ச் சுற்றுச்சூழல் பேசினால் “சரி தம்பி, கிலோ எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார்.

இதில் மறைந்திருக்கும் செலவு வண்டி. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: குட்டியானை ஒரு ரவுண்டு போய் வர டீசல், டிரைவர், ரெண்டு ஆள் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். 300 கிலோ ஏற்றி வந்தால் கிலோவுக்கு 4 ரூபாய் வண்டியிலேயே போகிறது. 600 கிலோ ஏற்றினால் 2 ரூபாய். அட்டை எடையில் நிறையும் சரக்கு இல்லை, இடத்தில் நிறையும் சரக்கு. பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்காமல் அப்படியே தூக்கிப் போட்டால் வண்டி பார்க்க நிறைந்திருக்கும், எடைமேடையில் ஏற்றினால் பாதி கூட வராது. எதிராளி கொடுக்கும் அந்த ரெண்டு ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டிய இடம் இதுதான். “ரேட்டை ஏற்ற என்னால் முடியாது, ஆனால் நீங்கள் பெட்டியைப் பிரித்துக் கட்டி வைத்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருகிறேன்” என்று சொல்லும் அனுமதியை முதலாளியிடம் வாங்குவது, சும்மா ரேட்டை ஏற்றச் சொல்லிக் கேட்பதை விட ரொம்பச் சுலபம். அவருக்கும் கணக்குப் புரியும்.

எதிராளியின் ரேட் உண்மையான ரேட்டா என்பதையும் பாருங்கள். கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு நூறு கிலோவுக்குப் பத்து கிலோவை ‘ஈரத்துக்குப் பிடித்தம்’ என்று தள்ளுபவர்கள் உண்டு. தராசிலேயே கை வைப்பவர்களும் உண்டு. இதைக் கஸ்டமரிடம் வாயால் சொல்லாதீர்கள், பொறாமை மாதிரி இருக்கும். உங்கள் எடையைக் காட்டுங்கள், போதும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரும்பு, அலுமினியம் மாதிரி உலோகத்தில் ரேட் போட்டிக்குப் போவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியைப் பதிவுள்ள நீங்கள்தான் கட்டவேண்டும். பில்லே இல்லாமல் ரொக்கத்தில் வாங்கும் ஆளோடு அந்த இடத்தில் ரேட்டில் மோதினால் நிற்க முடியாது.

சிறு கடைகள் நெருக்கமாக இருக்கும் தெரு, ஒரே நிறுத்தத்தில் வண்டி பாதி நிறையும் குடோன், இந்த இடங்களில் கிலோ ரேட் போதும், வேறெதுவும் தேவையில்லை.

## காசில்லாமல் எல்லாவற்றையும் எடுப்பது

அடுக்குமாடிகளில் நல்ல பேப்பரையும் இரும்பையும் வீட்டு வாசலுக்கு வரும் பேப்பர்காரர் ஏற்கெனவே வாங்கிவிடுவார். அது அவர் பிழைப்பு. அவரைத் துரத்திவிட்டு உள்ளே போகப் பார்க்காதீர்கள், போனாலும் குடியிருப்பவர்களுக்குப் பிடிக்காது. அவர் எடுக்காதது எல்லாம்தான் அசோசியேஷனுக்குத் தலைவலி: ஆன்லைன் பார்சல் அட்டை, தெர்மாகோல், சாஸ் பாட்டில், ஷாம்பு டப்பா, சிப்ஸ் பாக்கெட். “காசு தரமாட்டோம், நீங்களும் தரவேண்டாம், ஆனால் இவை எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் எடுத்துவிடுவோம்” என்றால் செகரட்டரி நிமிர்ந்து உட்காருவார்.

கணக்கு எப்படி என்றால், அட்டையிலும் பெட் பாட்டிலிலும் வருவதை வைத்துச் சிப்ஸ் பாக்கெட்டின் செலவைத் தாங்குவது. விலை நன்றாக இருக்கும்வரை தாங்கும். சிப்ஸ் பாக்கெட் மாதிரியான பல அடுக்குப் பிளாஸ்டிக்கை வாங்க ஆள் இல்லை. அதைச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பவேண்டும், அரியலூர்ப் பக்கம் வரை லாரி வாடகை யார் தருவது? கண்ணாடியும் அப்படித்தான், எடை அதிகம், விலை குறைவு, ஆட்கள் கையை வேறு கிழிக்கும். டாஸ்மாக் பாட்டிலைப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்துவிட்டதால், திரும்பக் கொடுத்தால் காசு வரும் பாட்டில் உங்களிடம் வராது, ஊறுகாய் பாட்டில்தான் வரும்.

இன்னொரு செலவு, பிரிப்பது. வீட்டில் பிரிக்காமல் வந்தால் உங்கள் குடோனில் பிரிக்கவேண்டும், அதற்கு ஆள் கூலி. கலந்து வரும் மூட்டையில் டயப்பர் இருந்தால் அன்றைக்குப் பிரிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள், அதில் தவறே இல்லை. அதனால் இந்த வழியில் இறங்கினால் முதல் நாளே எதை எடுக்கமாட்டீர்கள் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் குப்பை அறைச் சுவரில் ஒட்டுங்கள். எடுப்பதை எழுதுவதைவிட எடுக்காததை எழுதுவது முக்கியம்.

இங்கே உங்கள் உண்மையான கஸ்டமர் யார் என்பதிலும் குழப்பம் வேண்டாம். கையெழுத்துப் போடுவது செகரட்டரி சார். ஆனால் உங்களை வைத்துக்கொள்வதும் விரட்டுவதும் ஹவுஸ்கீப்பிங் அக்காதான். நீங்கள் மூட்டையைத் தூக்கிய பிறகு கீழே சிந்தியதை யார் கூட்டுகிறார்கள்? அவர்தான். உங்கள் ஆள் ஒரு துடைப்பம் எடுத்துப்போய் அந்த இடத்தைக் கூட்டிவிட்டு வந்தால், அடுத்த மீட்டிங்கில் உங்களுக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறார். நான் பார்த்தவரை இதற்கு ஈடான மார்க்கெட்டிங் கிடையாது.

## மாதக் கட்டணம்

“குப்பையையும் கொடுத்து காசும் கொடுக்கணுமா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டுவிட்டுக் கதவை மூடாத இடங்களும் இருக்கின்றன.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்பு வளாகங்களும் நிறுவனங்களும் குப்பையை இருக்குமிடத்திலேயே பிரித்து, மறுசுழற்சிக்கு உரியதை அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்று இருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்ற கணக்கிலும் சேர்த்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் அந்த வளாகத்துக்கு வேண்டியது கிலோவுக்கு எட்டு ரூபாய் இல்லை. யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எங்கே போனது என்று காட்ட ஒரு பேப்பர்தான் வேண்டும். அந்தப் பேப்பரைத் தவறாமல் கொடுப்பவருக்குக் கட்டணம் கொடுப்பார்கள்.

இதன் மறைமுகச் செலவு, காசு வாங்கிவிட்டால் உங்கள் மேல் வரும் உரிமை. இலவசமாக எடுக்கும்போது ஒரு நாள் தவறினால் போன் செய்து கேட்பார்கள். கட்டணம் வாங்கினால் கத்துவார்கள். மாற்று வண்டி இல்லாத சூப்பர்வைசர் இந்த வழிக்குப் போகவே கூடாது. அப்புறம் வசூல்: இருபது இடத்தில் சின்னச் சின்னத் தொகை வசூலிப்பது தனி வேலை, முதலாளி அதையும் உங்கள் தலையிலேயே கட்டுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாக வாங்கப் பாருங்கள். “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம்” என்று ரெண்டு முறை சொன்ன அசோசியேஷன் மூன்றாவது முறையும் அதையேதான் சொல்லும்.

விலை விழும் காலத்தில் நிமிர்ந்து நிற்பது இந்த வழி ஒன்றுதான். அட்டை விலை பாதியானாலும் டீசல் செலவில் ஒரு பங்கு கட்டணத்திலிருந்து வந்துவிடும், நீங்களும் வண்டியைக் குறைக்க வேண்டியிருக்காது.

## எழுத்து ஒப்பந்தம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள், ஓஎம்ஆர் அலுவலகங்கள், பெரிய ஜவுளிக்கடைகள். இங்கே நீங்கள் தனியாகப் போய்ப் பிடிக்க முடியாது, கொட்டேஷன் முதலாளி கையெழுத்தில் போகவேண்டும். ஆனால் பிடித்த பிறகு ஒப்பந்தத்தை வாழவைப்பதும் சாகடிப்பதும் சூப்பர்வைசர்தான்: கேட் பாஸ், ஆட்களின் ஷூ, வண்டி இன்சூரன்ஸ், எல்லாம் சரியாக இருக்கவேண்டும். ஒரு ஆள் செருப்போடு போய் நின்றால் செக்யூரிட்டி வண்டியையே திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய லோடு போச்சு.

விலையை வருடத்துக்கு ஒரே எண்ணாக எழுதிக் கொடுப்பது சூதாட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படியோ, மில் விலைக்குக் கீழே இவ்வளவு ரூபாய் என்றோ எழுதச் சொல்லி முதலாளியிடம் வற்புறுத்துங்கள். நிலையான விலையில் எழுதிவிட்டுச் சந்தை விழுந்ததும் வண்டியைத் தாமதப்படுத்துகிற நிறுவனங்கள் இருக்கின்றன, திட்டு வாங்கப்போவது வாசலில் நிற்கும் சூப்பர்வைசர்.

பழைய கம்ப்யூட்டர், பிரின்டர் விஷயத்தில் வாய் தவறிக்கூட வாக்குக் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இந்த மாதிரிச் சாதனங்களை ஏராளமாகப் பயன்படுத்தி, மொத்த நுகர்வோர் என்ற கணக்கில் வரும் நிறுவனங்கள் அதைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்கவேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இல்லையென்றால் “அதையும் சேர்த்து எடுத்துக்கிறோம் சார்” என்பது அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும் பேச்சு. பதிவு பெற்ற ஒருவரோடு ஏற்பாடு செய்துகொண்டு, அவர் பெயரிலேயே சான்றிதழ் வரும்படி செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

## கமிஷன் கொடுத்துப் பிடிப்பது?

வாட்ச்மேனுக்கு மாதம் ஏதோ, ஸ்டோர் கீப்பருக்கு லோடுக்கு ஏதோ என்று ஓடுகிற வழி ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் அந்த ஸ்டோர் கீப்பர் மாற்றலாகிப் போனால் கஸ்டமரும் போய்விடுவார், விஷயம் வெளியே வந்தால் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து போகும். தீபாவளிக்கு அசோசியேஷனுக்குத் தெரியப்படுத்திவிட்டு எல்லாப் பணியாளர்களுக்கும் ஒரே மாதிரி ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது வேறு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## எந்த வழியானாலும் தராசு

கஸ்டமர் கண்ணெதிரில் எடை போடுவது என்றால் தராசை அவர் பக்கம் திருப்பி வைப்பது மட்டும் இல்லை. குப்பை அறைத் தரை பெரும்பாலும் சரிவாக இருக்கும், எலக்ட்ரானிக் தராசை அங்கே வைத்தால் எடை ஆடும். ஒரு பலகை எடுத்துப்போங்கள். மூட்டை ஏற்றுவதற்கு முன் சைபர் காட்டுங்கள். மளிகைக்கடையில் சீல் பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டை இருக்கும், அதைத் தூக்கி வைத்துக் காட்டுங்கள். அடுக்குமாடியில் தண்ணீர் கேன் இருக்கும்: காலியாக ஒருமுறை, 20 லிட்டர் நிறைந்ததை ஒருமுறை வைத்தால் வித்தியாசம் 20 கிலோவை ஒட்டி வரவேண்டும். வாட்ச்மேன் அண்ணனையே எண்ணைப் படிக்கச் சொல்லி, அவர் முன்னால் சீட்டில் எழுதி, ஒரு நகலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முத்திரை போடவேண்டும். அந்தச் சான்றின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும், கேட்காதவரிடமும் காட்டுங்கள்.

ஈரத்துக்குக் கழிக்கிறீர்கள் என்றால் எவ்வளவு, ஏன் என்பதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் இது சண்டையாகும். எழுதிய பிடித்தத்துக்கு முணுமுணுப்போடு நிற்கும், எழுதாத பிடித்தத்துக்கு ஆளையே மாற்றிவிடுவார்கள்.

## எதை எங்கே வைப்பது

ஒரு வண்டிக்கு ஒரே வழி என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கிலோ ரேட் கடைகள் வண்டியை நிரப்பும், கட்டணம் தரும் இடங்கள் டீசலுக்குக் கொடுக்கும். ரெண்டும் ஒரே ரூட்டில் கலந்திருந்தால் நல்லது. இலவசமாக எல்லாம் எடுக்கும் அடுக்குமாடிகளை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், விலை விழுந்தால் முதலில் கடிப்பது அவைதான். ஒப்பந்த இடங்களுக்கு முடிந்தால் தனி வண்டி, தனி நேரம். கேட்டில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தால் மற்ற நிறுத்தங்கள் எல்லாம் தள்ளிப்போகும்.

புதுக் கஸ்டமர் கணக்கு கேட்கும் முதலாளியிடம், போன வருடம் பிடித்ததில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த வழியில் பிடித்தவர்கள் நின்றார்கள் என்று அதிலேயே தெரியும். உங்கள் ஏரியாவுக்கு அது என் அட்டவணையைவிடச் சரியாக இருக்கும்.

கடைசியாக, இந்த வழிகளையெல்லாம் சோதிக்கும் ஒரு வாரம் வருகிறது: தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆடித் தள்ளுபடியிலும் தி.நகரில் அட்டை பெருகும், ஆனால் அப்போது டிரைவர்கள் இங்கேயே இருப்பார்கள். தீபாவளிக்குச் சரக்கு ரெண்டு மூணு மடங்காகும், அதே நேரத்தில் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். போனஸ், லீவு, யார் எந்த நாள் கிளம்புவது என்பதை ஆயுத பூஜைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். வாடகை வண்டிக்கு அப்போதே முன்பணம் கொடுத்துவிடுங்கள். இலவசமாக எடுக்கும் அடுக்குமாடியைக் கட்டணத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அந்த வாரம் ஒரு நாள் கூடத் தவறாமல் எடுத்துக்கொடுத்துவிட்டு, கார்த்திகை மாத மீட்டிங்கில் பேச்சை எடுங்கள். எடைச்சீட்டு நகல்களை வரிசையாக அடுக்கி எடுத்துப்போங்கள், புதுக் கட்டணம் ஜனவரியிலிருந்து என்று சொல்லுங்கள்.